குப்புறக்கா

பிள்ளை பெற்றவளின் தலையணையைப் பறித்து அவள் வயிற்றுக்குக் கீழே செருகிவிட்டு, "ம், குப்புற" என்கிறார். பத்து மாதமாக வயிற்றில் ஒரு தூசு படாமல் காத்தவளுக்கு இது அக்கிரமமாகத்தான் தோன்றும். முறைக்கிறாள். "முறைக்காத. உள்ள மிச்சமிருக்கிற ரத்தம் வெளிய வரணும். நீ மகாராணி மாதிரி மல்லாந்தே கிடந்தா அது எப்படி வரும்?"

பிரசவ வார்டின் தலைமை நர்சுக்கு இதனாலேயே குப்புறக்கா என்று பெயர். வருகிறவர்கள் எல்லாம் பிள்ளையைக் கொஞ்ச, இவர் தாயின் வயிற்றைத்தான் பார்ப்பார். பெற்ற பிறகு கருப்பை நாளுக்கு ஒரு விரற்கடையாவது கீழே இறங்க வேண்டும். இறங்கியிருந்தால் சந்தோஷத்தில் தோளில் ஒரு தட்டு; அது கொஞ்சம் பலமாகவே விழும். தையல் எரியும் என்று ஒன்றுக்கு அடக்குகிறவர்களை மட்டும் விடவே மாட்டார். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, கதவுக்கு வெளியே நின்று ஊர்க்கதை பேசுவார்.

அன்று காலை ஜன்னலோரப் படுக்கைக்காரி வீட்டுக்குப் போகத் தலைவாரி உட்கார்ந்திருந்தாள். கணவன் கீழே வண்டியோடு காத்திருந்தான். "எனக்கு நேத்தே நின்னுடுச்சுக்கா. துணியில ஒரு சொட்டு இல்ல" என்றாள், பரீட்சையில் தேறியவள் போல. மாமியாருக்கும் பூரிப்புத் தாங்கவில்லை.

பெற்ற சில நாளிலேயே அப்படி அடியோடு நிற்காது. குப்புறக்கா அவளைப் படுக்கவைத்துத் தொட்டுப் பார்த்தார். இறங்கியிருக்க வேண்டிய கருப்பை தொப்புளுக்கு மேலே ஏறியிருந்தது. தொட்டதும் அவள் "அம்மா" என்று முனகினாள். மூத்திரப்பை நிறைந்திருந்தாலும் கருப்பை மேலே ஏறி நிற்கும்; ஒன்றுக்குப் போய்வரச் சொல்லி மறுபடி பார்த்தார். இறங்கவில்லை.

"ரத்தம் உள்ளயே தேங்கியிருக்கு கண்ணு. இன்னைக்கு நீ போகக்கூடாது."

"நல்லாத்தானேம்மா இருக்கா? காலங்காத்தால சும்மா எதையாவது சொல்லிப் பயமுறுத்தாதீங்க" என்று மாமியார் குரலை உயர்த்தினாள்.

"பயமுறுத்தத்தாம்மா செய்யிறேன். இப்படியே கூட்டிட்டுப் போனா சீழ் பிடிக்கும். நாளைக்குக் காய்ச்சல்ல தூக்கிட்டு வருவீங்க." அப்படித் தூக்கி வரப்பட்டவர்களை அவர் பார்த்திருக்கிறார். அவர்களில் எல்லோரும் நடந்து திரும்பவில்லை.

டாக்டரம்மா வந்தார், ஸ்கேன் எடுத்தார். கருப்பை வாயில் ரத்தக்கட்டி அடைத்து, உள்ளே ரத்தம் குளம் கட்டியிருந்தது. மயக்கம் கொடுத்து அதை எடுத்து, கருப்பை சுருங்க ஊசி போட்டு, மதியத்துக்குள் படுக்கைக்குக் கொண்டுவந்தார்கள்.

சாயங்காலம் துணி நனைந்ததும் அவளுக்கு அழுகை பொங்கியது. "மறுபடி போகுதுக்கா. எனக்கு என்னமோ ஆகப்போகுது."

குப்புறக்கா துணியைப் பார்த்தார். அளவாகத்தான் போயிருந்தது. அவள் கையைப் பிடித்து அடிவயிற்றில் வைத்து அழுத்தினார். தொப்புளுக்குக் கீழே இறங்கி, நன்றாக இறுகிய கருப்பை உருண்டையாக அவள் விரல்களுக்குத் தட்டுப்பட்டது. அழுகை பாதியில் அடங்கியது. குப்புறக்கா தன் கையை எடுத்துக்கொண்டார்; அவள் எடுக்கவில்லை.