நீலப் பனியனின் முழங்கை

பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்த தேசப்பன் கால்பந்தில் கோல் கீப்பராக நின்றால் பந்து உள்ளே போவது கஷ்டம். அறுபத்திரண்டில் இந்திய அணிக்கு ஆள் எடுக்கக் கல்கத்தாவில் நாற்பது நாள் பயிற்சி வைத்தார்கள். இவனையும் கூப்பிட்டார்கள். கடைசிப் பட்டியலில் பெயர் இல்லை. கையில் மிஞ்சியது பயிற்சிக்குக் கொடுத்த முழுக்கை நீலப் பனியன் ஒன்றுதான். நெஞ்சில் வெள்ளைத் துணியில் 'இந்தியா' என்று தைத்திருக்கும்.

ஊருக்கு வந்த மாதமே ஓர் ஆட்டத்தில் விழுந்து அதன் வலது முழங்கை கிழிந்தது. தேசப்பன் வலை நூலை எடுத்து, வலைக் கிழிசலை அடைக்கிற மாதிரியே கண்ணி கண்ணியாகப் பின்னி அடைத்தான். அவன் இடதுகைக்காரன். குப்பத்தில் எல்லார் முடிச்சும் ஒரு பக்கம் சாய்ந்தால், அவன் முடிச்சு மறுபக்கம் சாயும்.

கூட ஆடிய பொன்னேரி அரசப்பன் ஒருநாள், "போட்டோ புடிச்சிக்கினு நாளைக்கே குட்த்துடறேன்டா" என்று பனியனை வாங்கிப் போனான். ரயிலில் தொலைந்துவிட்டது என்று வந்து அழுதான். தேசப்பனும் நம்பி, அழுதவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.

பன்னிரண்டு வருஷம் போனது. ஏரியில் மீன் குறைந்து, தேசப்பன் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் லோடு ஏற்றும் கூலியாகச் சேர்ந்தான். ஆயுத பூஜை அன்று ஆலை மைதானத்தில் பந்தாட்டம். கேப்டனாக இறங்கியவன் அரசப்பன். உடம்பில் அதே நீலப் பனியன்.

"நம்ம அரசப்பன் சாரு இந்தியா கேம்ப்ல இருந்தவரு. அதனாலதான் கூப்ட்டு ஆபீஸ் வேலை குட்த்தாங்க" என்றான் பக்கத்தில் நின்றவன்.

அன்றைக்குத்தான் தான் வாங்கிக் கொடுத்த டீ தேசப்பன் வயிற்றில் எரிய ஆரம்பித்தது. கத்தினால் கூலிக்காரன் பேச்சை எவன் நம்புவான்? ஒரு வருஷம் பொறுத்தான்.

அடுத்த ஆயுத பூஜை காலையில் கோல் வலை தாறுமாறாகக் கிழிந்து தொங்கியது. கிழித்தவன் தேசப்பன்தான். "வலை வேலை தெரிஞ்சவன் எவனாவது இருக்கானா?" என்று மேனேஜர் கோபால் கத்த, ஊசியும் நூலுமாக வந்து உட்கார்ந்தான். ஒரு வருஷமாக வாய் திறக்காத கூலிக்காரன்தானே என்ற தைரியத்தில் அரசப்பன் பனியனோடு பக்கத்திலேயே நின்றான். கூட்டம் வேடிக்கை பார்த்தது.

"இன்னாய்யா, முடிச்செல்லாம் அந்தாண்ட சாயுது?" என்றார் கோபால்.

கூட லோடு ஏற்றும் துலுக்காணம் சிரித்தான். அவனும் அதே குப்பம். "அவன் இடதுகை சார். அவன் முடிச்ச நாங்க கண்ண மூடிக்கினு தடவியே சொல்லிடுவோம்."

"அப்டின்னா அரசப்பன் சாரு முழங்கையத் தடவு" என்றான் தேசப்பன்.

துலுக்காணம் தடவினான். "ஐய, இது உன் வேலைடா!"

"இன்னா பேஜாரு இது! கேம்ப்ல நானே தச்சது சார்" என்றான் அரசப்பன்.

தேசப்பன் ஊசியை நீட்டினான். "ஒரே ஒரு முடிச்சுப் போடுங்க சார். ஒண்ணு போதும்."

அரசப்பன் ஊசியை வலது கையில் வாங்கினான். நூல் விரலைத்தான் சுற்றியது.

"அதுக்குள்ள மீனு ஆந்திராவுக்கே பூடும் சார்!" என்று எவனோ கத்த, மைதானமே சிரித்தது.

"கழட்டுய்யா" என்றார் கோபால். பெண்டாட்டி கனகாம்பாள் பார்த்துக்கொண்டிருக்க, அரசப்பன் வெற்றுடம்போடு நின்றான்.

பனியன் தேசப்பன் கைக்கு வந்தது. அரசப்பனுக்கு வேலை மட்டும் தப்பியது. தேசப்பனுக்கு அது ஆறவில்லை. பனியனைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கலாம். மறுநாளே அதைப் போட்டுக்கொண்டு பழைய இரும்பு தூக்க வந்தான். லாரி நிற்கிற இடம் அரசப்பனின் ஆபீஸ் ஜன்னலுக்கு எதிரே. தினமும் அந்தப் பனியனோடுதான் வேலை. தகரம் கீறியது, துரு தின்றது, 'இந்தியா' பிய்ந்து விழுந்தது.

மூன்று மாதம் கழித்து அரசப்பன் ஜன்னல் வழியாகக் கெஞ்சினான். "உன் பொருள்தானேடா நாசமாவுது? உட்டுடுடா."

"இன்னும் ஒரு கை மிச்சம் கீதுடா."

அந்தக் கையும் போனது. முழங்கைப் பின்னல் மட்டும் அறுபடவில்லை. தேசப்பன் அதில் கிரீஸைத் துடைத்தான். அரசப்பன் பார்க்கப் பார்க்கவே ஜன்னல் கம்பியில் இடது கையால் முடிச்சுப் போட்டுக் கட்டினான்.

அறுத்துப் போட அரசப்பனுக்குத் துணிச்சல் வரவில்லை. அவன் அந்த ஆலையை விட்டுப் போகிற வரைக்கும் அது அங்கேயே தொங்கியது.