பால் ஊற்றிய இலை

எங்கள் எதிர்வீட்டு எழிலரசி நிலவியல் படித்தவள். "கல்லைப் படிச்சு என்ன பண்ணப் போற?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. இப்போது அம்பத்தூர் கம்பெனி ஒன்றில் சம்பளக் கணக்குப் பார்க்கிறாள்.

பருத்திப்பட்டில் எங்கள் குடியிருப்புக்குக் கிணறு தோண்டியபோது வெளிறிய பலகைக்கல் ஒன்று மேலே வந்தது. அதில் இலையொன்று பதிந்திருந்தது. நடுவில் தண்டு, இருபுறமும் நெருக்கமாக ஈர்க்குகள். டைனோசர் காலத்து ஆற்று வண்டலில் விழுந்து, வண்டலோடு கல்லாகிப்போன இலை. எழிலரசிக்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வரை பத்திரமாக வையுங்கள், என் பேராசிரியர் வந்து எடுத்துப்போவார் என்று கெஞ்சினாள்.

சங்கத் தலைவர் சுப்பராயன் கண்ணுக்கு அது பாம்பாகத் தெரிந்தது. இந்த மனையே ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து நிலம். அந்தத் தோரணை இன்னும் போகவில்லை. மறுநாளே கல் வேப்பமரத்தடியில் நாகாத்தம்மன் ஆனது. மஞ்சள், பன்னீர், குடம் குடமாய்ப் பால்.

"அண்ணே, ஈரம் பட்டா இந்தக் கல்லு உதிர்ந்துடும். பூ மட்டும் வைங்க."

"இன்னாம்மா, சாமிக்குப் பால் ஊத்தாம சும்மா பாத்துக்கினு கீறதா?"

நான் குறுக்கே பேசினேன். "நீ வாடகைக்குக் கீற, கம்முனு இரு" என்றார். பேராசிரியர் வந்தபோது செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கல்லைத் தொட விடவில்லை. திருநீறு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சில வெள்ளிக்கிழமைகள் போயின. ஒருநாள் பூஜையின் நடுவே கல் ஏடு ஏடாகப் பிளந்தது. அப்போதாவது வெட்கப்பட்டார்களா? எழிலரசி உதிரும் என்று வாய் வைத்ததால்தான் உடைந்ததாம். உடைந்த சாமியை ஏரியில் விட வேண்டும், அதையும் அவளே சுமக்க வேண்டும் என்று தீர்ப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் துண்டுகளை மஞ்சள் துணியில் பொறுக்கிக் கட்டினாள். குளித்துவிட்டு வருகிறேன் என்று மூட்டையோடு வீட்டுக்குள் போனாள்.

ஏரிக்கரையில் மூட்டையை நீரில் விட்டாள். சுப்பராயன் சூடம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

திரும்பியதும் என்னை வீட்டுக்குள் கூப்பிட்டாள். கட்டிலில் விரித்த துண்டின்மேல் கல் காய்ந்துகொண்டிருந்தது. மேல் ஏட்டு இலையைப் பால் அழித்துவிட்டிருந்தது. பிளந்த உள் ஏட்டில் இன்னொரு இலை, ஓர் ஈர்க்குகூடக் குறையாமல்.

"அப்ப ஏரியில விட்டது?"

"பாத்ரூம் டைல்ஸ். போன மாசம் பேத்து வெச்ச பழசு."