வேதம் படித்தால் பாடு போகுமா?

இன்னொருவருடைய வேதத்தைக் கடைசி ஏடுவரை படித்துவிட்டால், படித்தவன் தானாகவே அந்த மதத்தவனாகிவிடுவான் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். நாற்பத்தைந்து வயது, நரைத்த மீசை, ஊரில் எழுத்து தெரிந்தவன் என்ற பெயர் வேறு.

அந்த வேதப் புத்தகத்தைக் கொடுத்தவர் பழவேற்காட்டில் ஒல்லாந்து வெள்ளைக்காரர் கோட்டையின் கிறிஸ்தவக் கோயிலில் ஊழியம் பார்த்த தமிழ் உபதேசியார். என்னிடம் இறால் வாங்குகிறவர். அச்சடித்த தமிழைப் பார்க்கும் ஆசையில் நான்தான் வாய்விட்டுக் கேட்டேன். எங்கள் ஊரான பசியாவரத்துக்குத் தோணியில் திரும்பும்போதே பிரித்துவிட்டேன்.

உள்ளே பார்த்தால் எங்களவர்கள். ஏரியில் விடிய விடிய வலைபோட்டு ஒன்றும் சிக்காமல் கரையேறுகிறார்கள். அதை நம்ப எனக்குச் சாட்சி எதுவும் தேவைப்படவில்லை. அந்த வேதத்துச் சாமி வந்து கூப்பிட்டதும் வலையை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் போகிறார்கள் என்ற இடத்தில் மட்டும், அலசாத வலை மக்கிப்போகுமே என்று மனம் அடித்துக்கொண்டது. பிறகொரு காலையில் அவரே கரையில் நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, அவர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். கையைக் கழுவிக்கொண்டு வந்து அந்த இடத்தை இன்னொரு முறை படித்தேன். நாங்கள் சாமிக்குப் படைத்திருக்கிறோம். களைத்து வந்தவனுக்குச் சாமி சமைத்துப் போட்டதாக நான் கேட்டதில்லை. எங்கள் அம்மனை விட்டுக்கொடுக்காமலே அந்தக் கரையில் சற்று நேரம் உட்கார முடிந்தது.

கூடவே பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது. முடிக்காவிட்டால் மாறினதாக ஆகாது என்று புத்தகத்தை அங்கேயே மூடினேன்.

ஏரியில் எந்த நாள் யார் எங்கே வலைபோடுவது என்பதை எங்கள் ஊரில் அம்மன் முன்னால் சீட்டுப் போட்டு முடிவு செய்வோம். அந்த முறைக்குப் பாடு என்று பேர். அவள் பிள்ளையல்லாதவன் பெயர் சீட்டுப் பானைக்குள் போகாது. பாடு இல்லாதவன் பருவம் முழுக்கக் கரையில் நின்று அடுத்தவன் வலையை வேடிக்கை பார்க்கலாம். சீட்டுக்கு இன்னும் மூன்றே நாள். ஓலை நறுக்குகளில் பெயர் எழுதுகிறவனும் நானேதான்.

எழுத உட்கார்ந்தால் எழுத்தாணி வழுக்கியது. எனக்கு வேர்த்துக் கொட்டுவதைப் பார்த்த மனைவி, "இன்னாய்யா, ஓலைல எழுதுறியா, ஓலைய ஊறப் போடுறியா?" என்றாள்.

சீட்டன்று ஊர்த்தலைவரான பெரியதனக்காரர் பானையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். நான் உரக்கப் படித்தேன். பானை காலியானது. என் பெயர் வரவில்லை. அம்மன் கண்டுபிடித்துவிட்டாள் என்றே நினைத்தேன். யாரும் கேட்காமலே கோட்டைப் புத்தகத்தைப் படித்ததை, மீன் சுட்ட இடத்தில் கண் கலங்கினதுவரை, மொத்தமும் கொட்டிவிட்டேன்.

பெரியதனக்காரர் பானையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்.

"அத்த நீ படிச்சா எங்களுக்கு இன்னா மச்சான்? உன் சீட்டு எங்க, அத்தச் சொல்லு."

மற்ற எல்லார் பெயரையும் எழுதியிருந்தேன். பயத்தில் என் பெயரை எழுதவே மறந்திருந்தேன். அங்கேயே எழுதவைத்து, சீட்டை முதலிலிருந்து மறுபடி எடுத்தார்கள். எனக்குப் பதினோராவது நாள் விழுந்தது.