கரையில் கண் விழித்தவள்

பாலாவிக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுக்கு விலகப்போய் நளீரின் ஓட்டோ குடைசாய்ந்தது. மாடு ஒன்றும் நடவாதது போல வீதியைக் கடந்து போய்விட்டது. நளீரின் வலது கால் முறிந்தது. போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கற்பிட்டி வீதியில் உல்லாசப் பயணிகளின் ஓட்டம் நன்றாக இருந்த காலம். நாள் முழுக்க ஓடித்திரிந்தவன், நுரைச்சோலையில் தன் வீட்டு முன்னறைக் கட்டிலில் காலை நீட்டிக் கிடந்து, வெயில் ஏற ஏறக் கூரைத் தகரம் வெடித்துச் சத்தமிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி மர்ளியா கற்பிட்டிக்காரி. அகதிப் பொடியனுக்கா கொடுப்பது என்று அவள் வீட்டில் முணுமுணுத்தபோதும் அவனைத்தான் கட்டுவேன் என்று நின்றவள். கணினி வகுப்பு ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். புருஷன் சுவரைப் பார்த்தபடி கிடப்பதைச் சகிக்காமல், வகுப்பில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய மடிக்கணினி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். யாரோ அதில் ஒரு விளையாட்டை ஏற்றி வைத்திருந்தார்கள்.

"சின்னப் புள்ளைகள் விளையாடுறதெல்லாம் எனக்கு எதுக்கு?" என்றான் நளீர்.

"சின்னப் புள்ள மாதிரி சிணுங்கிறீங்களே, அதுக்குத்தான்."

அந்த விளையாட்டில் கடல் ஒரு பெண்ணைக் கரையில் ஒதுக்கியிருந்தது. அவள் கண் விழிக்கிறாள். ஒரு மீனவர் குனிந்து, நீ யார் என்று கேட்கிறார். அதோடு படம் நின்றுவிடும். விளையாடுகிறவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவள் பெயர் என்ன, முகம் எப்படி, எந்த ஊர், எப்படி வளர்ந்தாள் எல்லாவற்றையும் சொன்னால்தான் வாளும் குதிரையும் மந்திரக்காரரும் உள்ள அந்த உலகத்துக்குள் போகலாம். கேள்விகள் ஆங்கிலத்தில் வந்தன. மர்ளியா கட்டில் ஓரத்தில் இருந்து வாசித்துச் சொன்னாள்.

"என்ன பேர் வைப்போம்?"

நளீர் யோசிக்கவில்லை. "சித்தி மரியம்" என்றான்.

அது அவன் உம்மாவின் பெயர். வாசல் பக்கமாக இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அவன் வாப்பா முத்தலிபுவின் கை நின்றது.

தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள்; நளீர் அப்போது கைக்குழந்தை. இருந்த ஒரே கல்யாணப் படமும் அலுமாரியோடு ஊரில் தங்கிவிட்டது. வந்த வருடத்து மாரியில், ஓலைக் கொட்டிலில், காய்ச்சல் கண்டு சித்தி மரியம் மௌத்தாகிப்போனாள். முத்தலிபு மறுபடி கல்யாணம் முடிக்கவில்லை. களப்பில் மீன்பிடித் தொழிலுக்குப் போய்ப் பிள்ளையை வளர்த்தார். அவளைப் பற்றி மட்டும் அவர் வாய் திறந்ததில்லை. சின்ன வயதில் நளீர் கேட்டுப் பார்த்தான். கேட்ட போதெல்லாம் வாப்பா எழும்பி வெளியே போனார். பிறகு அவனும் கேட்பதை விட்டுவிட்டான்.

"ஆயுதத்த எந்தக் கையில புடிப்பாண்டு கேக்குது" என்றாள் மர்ளியா. "வலதா, இடதா?"

"வலது" என்று அமத்தப் போனான் நளீர்.

"இடது."

இருவரும் திரும்பினார்கள். முத்தலிபு வலையைப் பார்த்தபடியே சொன்னார். "மரியத்துக்கு இடது கைதான். பாய் இழைக்கிறதும், தேங்காய் திருவுறதும், எல்லாம். சாப்பாடு மட்டும்தான் வலது."

நளீர் தன் கையைப் பார்த்தான். அவனும் இடது கைக்காரன்தான்.

"ஓதப்பள்ளியில இடது கையால எழுதினதுக்கு எனக்கு அடிச்ச நேரம், நீங்க வந்து சண்டை புடிச்சீங்களே வாப்பா. இதுக்காகவா?"

"ஓம்."

"சொல்லவே இல்லையே."

"என்னத்தச் சொல்ற மகன்."

அடுத்து முகம் வந்தது. மூக்கை நீட்டலாம், குறுக்கலாம், நாடியைக் கூராக்கலாம், நிறத்தை மாற்றலாம். மர்ளியா அதைச் செய்து காட்டியபோது முத்தலிபு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து கட்டிலருகே போட்டார்.

"மூக்கு இவ்வளவு நீளமில்ல புள்ள. இன்னும் சின்னன். அது மிச்சம் சின்னன்."

ஒரே தடவையில் முடியவில்லை. முத்தலிபு தொழில் முடிந்து வந்து, குளித்து, லுஹர் தொழுதுவிட்டு அந்தக் கதிரையில் வந்து உட்காருவார். நேற்றுச் செய்த கன்னம் இன்று பிழையாகத் தெரியும். புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு வேண்டும் என்றார். சின்ன வயதில் கிணற்று வாளி பட்டது. தலைமுடி தெரிகிறதே என்று ஒரு நாள் முழுக்கக் குறைப்பட்டார். மர்ளியா தேடித் தேடி, அந்த விளையாட்டு உலகத்துப் பயணிகள் போடும் ஒரு முக்காட்டைக் கண்டுபிடித்துப் போட்டுவிட்டாள். அதன் ஓரத்தில் ஓநாய்த் தோல் வைத்துத் தைத்திருந்தது.

"இது என்ன மயிரு?"

"குளிருக்கு மாமா. அந்த நாட்டுல பனி."

"ம். அப்ப சரி."

முகம் முடிந்த அன்று அவர் செருப்பும் போடாமல் கொல்லைப்புறம் போனார். பின்னால் போக எழும்பிய மர்ளியாவை நளீர் கையைப் பிடித்து நிறுத்தினான். கொஞ்ச நேரத்தில் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"கண்தான் சரியில்ல. சிரிச்சா கண் மூடிக்கொள்ளும். அப்பிடி வைக்க ஏலாதா?"

"இதுல சிரிக்க வைக்க ஏலாது மாமா."

"ஏலாதா? சரி, இருக்கட்டும்."

நளீர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். உம்மா என்று அவன் மனதில் வைத்திருந்தது வயதான, களைத்த ஒரு பெண்ணை. இங்கே நின்றவள் அவனைவிட இளையவள்.

"சின்னப் புள்ளயா இரிக்காவே வாப்பா."

"இருபத்திரண்டுதானே அவளுக்கு" என்றார் முத்தலிபு. "வள்ளத்துல உன்ன மடியில வச்சுக்கொண்டு வரக்குள்ள, ஒரு சொட்டு அழல்ல. கரைக்கு வந்து, ஆரோ தேத்தண்ணி தந்தாங்க. அதக் கையில வாங்கினப் பொறகுதான் அழுதா."

அவர் எழும்பிப் போகவில்லை.

அதன் பிறகு விளையாட்டு ஓடியது. சித்தி மரியம் காடுகள் கடந்தாள், இடது கையால் வாள் வீசினாள், பாலம் ஒன்றில் பூதத்தை வென்றாள். முத்தலிபுவுக்குச் சண்டை பிடிக்கவில்லை. மீனவர் ஊரில் அவள் நடப்பதைப் பார்க்கத்தான் விருப்பம். ஒரு பின்னேரம் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் அவள் முன்னால் மண்டியிட்டார். நீ மீனவக் குடும்பத்துப் பெண் அல்ல, காணாமற்போன அரசரின் மகள், அரியணை உனக்கே உரியது என்றார். மர்ளியா அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, முத்தலிபுவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆருடைய மகள்? அவட வாப்பா கருவாட்டு ஹனீபா! ஊரே அறியும். இவருக்கு ஆரு சொன்ன?"

"மாமா, இது கதை."

"கதையெண்டா? வாப்பாவ மாத்துவாங்களா? வேணாமெண்டு சொல்லு."

வேண்டாம் என்று சொல்லவும் இடமிருந்தது. நளீர் அதையே தெரிவு செய்தான். தாடிக்காரர் வருத்தப்பட்டு எழும்பிப் போனார். விளையாட்டு அவளைப் போருக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நளீர் போகவில்லை. அவளை மீனவர் ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். பின்னேரங்களில் அவள் அங்கே வலை காயும் கரையோரமாக நடந்து திரிந்தாள். வாப்பாவும் மகனும் பார்த்துக்கொண்டு கதைத்தார்கள்.

நளீரின் கால் கட்டை வெட்டுவதற்குக் கொஞ்சம் முந்தி, ஒரு நாள் மடிக்கணினி திறபடவில்லை. மர்ளியா புத்தளத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். உள்ளே இருந்த எல்லாம் அழிந்துவிட்டது, எடுக்க முடியாது என்றார்கள். அவள் பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தாள். மாமாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வாசலில் நின்றாள். முகத்தைப் பார்த்தே அவர் விளங்கிக்கொண்டார்.

"போயிட்டா?"

"ஓம் மாமா. ஒரு படம் எண்டாலும் எடுத்து வச்சிருக்கலாம். எனக்குப் புத்தி போகல்லியே."

"அதுக்கு ஏன் புள்ள அழுவுற? எனக்கு அவட முகம் மறந்தா போச்சு? இவன் ஒருக்கா பாக்கட்டுமெண்டுதான் நான் வந்து இருந்த. பாத்துட்டான்தானே."

நளீர் பொல்லை ஊன்றி எழும்பி வந்து வாப்பாவின் பக்கத்தில், படியில், காலை நீட்டி உட்கார்ந்தான். அவ்வளவு நாள் கேட்காமல் வைத்திருந்தது அவனிடம் நிறைய இருந்தது. ஆனால் அன்று கேட்க மனம் வரவில்லை.

கால் தேறியது. பழைய ஓட்டோவைத் திருத்தி மறுபடி ஓடினான். கொஞ்சம் நொண்டுவான், மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக. அடுத்த வருடம் மகள் பிறந்தாள். அக்கீலா என்று பெயர் வைத்தார்கள். உம்மாவின் பெயரை வைக்கலாமே என்று மர்ளியா கேட்டபோது முத்தலிபுதான் வேண்டாம் என்றார். பிள்ளைக்குப் பிள்ளையுடைய பேர் இருக்கட்டும் என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். மர்ளியா இறால் ஆணம் வைத்திருந்தாள். முத்தலிபு சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரும் கேட்காமல் சொன்னார்:

"மரியத்துக்கு இறால் ஆகாது. உடம்பெல்லாம் தடிச்சுப் போகும். எண்டாலும் திங்காம விடமாட்டா."

நளீர் கையில் எடுத்த சோற்றைப் பீங்கானிலேயே வைத்தான். "பொறகு?"

"பொறகு என்ன, ராவெல்லாம் சொறிஞ்சுகொண்டு எனக்கு ஏசுவா. ஏன் கொண்டுவந்த எண்டு."

முத்தலிபு சிரித்தார். மர்ளியா இன்னும் ஒரு கரண்டி ஆணத்தை அவர் பீங்கானில் ஊற்றி, எதிரில் உட்கார்ந்தாள். அவர் மேலே சொல்லிக்கொண்டு போனார்.