லெவ்வை மாமா வாங்காத ஹதியா

பள்ளிவாசல் ஒலிபெருக்கி மரண அறிவித்தலோடு முழங்கியபோது நான் தபாற்கந்தோரில் பதிவுக் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அலியார் லெவ்வை மௌத்தாகிவிட்டார் என்றார்கள். அன்னார் இன்னாரின் கணவரும், இன்னாரின் தகப்பனாருமாவார் என்று உறவுகளைச் சொல்லிக்கொண்டு போய், கடைசியில் "தபாற்கந்தோர் நவ்பர் அவர்களின் மாமாவும் ஆவார்" என்று முடித்தார்கள். பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"லெவ்வை ஒங்கட சொந்த மாமாவா? ஒரு நாளும் சொல்லல்லியே."

கடிதக் கட்டை மூடிவைத்துவிட்டு நான் எழுந்தேன். முப்பது வருடமாக நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைத்ததில்லை. அவரை அறிந்த உங்களில் பலருக்கு அது தெரியும். காரணம் சிலருக்குத்தான் தெரியும்.

எங்கள் பகுதியை அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே குடிப்பெயர் தாய்வழியாக வருகிறது. எப்போதோ வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயரை எத்தனையோ தலைமுறை ஆண்கள் சுமந்து திரிகிறோம். என் வாப்பா நெல் வியாபாரத்துக்குப் போன இடத்தில், மாவனல்லையில், உம்மாவை மணந்து கூட்டி வந்தவர். அங்கே குடிமுறை இல்லாததால் உம்மாவுக்குக் குடி இல்லை. அதனால் எனக்கும் இல்லை. குடி இல்லாதவனுக்குப் பள்ளியில் மரைக்காரும் இல்லை. மரைக்கார் என்பவர் ஒவ்வொரு குடிக்கும் பொறுப்பானவர். கல்யாணமோ சுன்னத்தான கத்னாவோ, பள்ளியில் ஓதிவைக்கிற லெவ்வைக்கு உரிய காணிக்கைப் பணமான ஹதியாவை வெற்றிலைத் தட்டில் வைத்து அவர் கையால்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பள்ளி வழக்கம்.

எனக்குக் கத்னா செய்யும்போது ஆறு வயது. வாப்பா தட்டை ஏந்திக்கொண்டு பள்ளி முற்றத்தில் நின்றார். ஏழு மரைக்கார்மாரும் ஆளை ஆள் பார்த்தார்களே தவிர, ஒருவரும் கை நீட்டவில்லை. வாப்பா தட்டை இறக்காமல் நிற்பதை நான் புதுச் சாரனோடு கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் லெவ்வை எழுந்தார்.

"இந்தப் புள்ளைர உம்மா இண்டையிலிருந்து என்ட தங்கச்சி. தட்ட எங்கட முத்துநாச்சி குடி மரைக்கார் வாங்கட்டும்."

வாங்கினார்கள். தட்டு தன்னிடம் வந்ததும் லெவ்வை ஒரேயொரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு பணத்தை வாப்பாவிடமே நீட்டினார். "தங்கச்சிட புள்ளைக்கு ஓதக் கூலியா, மச்சான்?" அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஹதியாவை அவர் தொட்டதில்லை. அடுத்த கந்தூரிச் சோற்றுக்கு அரிசி பொறுக்க முத்துநாச்சி குடிப் பெண்கள் உம்மாவைக் கூப்பிட்டார்கள். உம்மா சாகும்வரை அந்த நாளைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தா.

லெவ்வை என்ற பெயர் அவருக்கு வாப்பாவழியாக வந்தது. அவர் வேண்டி எடுத்ததல்ல. வாலிபத்தில் றேடியோ திருத்துகிற கடையில் வேலை பார்த்தார். தகப்பனார் மௌத்தானதும் மரைக்கார்மார் வீடு தேடி வந்துவிட்டார்கள். "என்னட்ட விருப்பம் கேக்கல்ல. லெவ்வைர மகன் லெவ்வைதானே எண்டு தலப்பாவக் கட்டிக் கூட்டிப் போனாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். ஏழு குடியின் தட்டில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. ஒரு மரைக்காரையும் பகைக்க முடியாது. ஆனாலும் கடைசிவரை ஊராரின் றேடியோக்களைச் சும்மா திருத்திக் கொடுத்தார்.

இருபத்துநாலு வயதில் நான் றிஸ்வானாவை விரும்பினேன். டியுட்டரியில் கூடப் படித்தவள். குடி கேட்டுக்கொண்டா மனம் போகிறது? வீட்டார் பெண் கேட்கப் போனபோதுதான் அவளும் முத்துநாச்சி குடி என்று தெரிந்தது. ஒரே குடி என்றால் சகோதர முறை, கல்யாணம் இல்லை. நான் லெவ்வை மாமாவிடம் ஓடினேன். ஒரு றேடியோவைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் பிறந்த குடியா இது? நீங்க தந்ததுதானே. பள்ளியில ஒருக்கா அதச் சொல்லுங்க."

"மார்க்கத்தில தடையே இல்ல, மருமகன். மரைக்கார்மார்ர மனசிலதான் இரிக்கி."

"அப்ப சொல்லுங்க."

"சொல்ல ஏலா."

"தட்டு கொறஞ்சு போகுமெண்டு பயமா?"

அவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு றேடியோவின் பக்கம் குனிந்தார். நான் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு வெளியேறினேன். றிஸ்வானாவை ஒலுவில் ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து என் நிக்காஹை ஓதியவரும் அவர்தான். வேறு லெவ்வை ஊரில் இல்லை. வேண்டுமென்றே ஹதியாவை இரட்டிப்பாக வைத்தேன். ஒரு வெற்றிலையை எடுத்துவிட்டு மீதியைத் திருப்பினார். கழுத்தில் இன்னொரு சுற்றுக் கயிறு விழுந்த மாதிரி இருந்தது. இதை என் மனைவி படிப்பாள். அவளுக்குத் தெரியாத கதையல்ல.

போன நோன்புக்கு முன் அவர் கந்தோருக்கு வந்து வரிசையில் நின்றார். கண் பார்வை மங்கியிருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மெல்லக் கதைத்தார்.

"பயந்ததும் உண்மதான், மகன். ஆனா உன்னக் குடிய விட்டு எடுக்கிறெண்டா முதல்ல உன்ட உம்மாவ எடுக்கோணும். அரிசி பொறுக்க வந்தவள எழும்பிப் போ எண்டு நான் எந்த வாயால சொல்ற?"

பின்னால் நின்றவர்கள் செருமினார்கள். எத்தனை முத்திரை வேண்டும் என்று கேட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. "ஒண்டு" என்றார். கையில் கடிதம் எதுவும் இல்லை. அந்த ஒரு முத்திரையை வாங்கிக்கொண்டு தடவித் தடவிப் படி இறங்கிப் போனார். அன்று எழுந்து போய் அவர் கையைப் பிடிக்காததற்கு நான் வெட்கப்படுகிறேன்.

மையவாடியில், தோண்டிய குழிக்குள் மணல் சரிந்துகொண்டிருந்தது. லெவ்வையின் மகன் கட்டாரில், வந்து சேர முடியவில்லை. "தங்கச்சி மகன் ஆரும் இரிக்கியளா? கபுறுக்குள்ள இறங்குங்க" என்று மரைக்கார் கூப்பிட்டார். அவருக்குக் கூடப் பிறந்த சகோதரி இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இறங்கினால், ஒரே குடியென்று றிஸ்வானாவை நான் இழந்தது சரிதான் என்று ஊர்முன் ஒப்புக்கொள்வதாகும். இறங்காவிட்டால், அவர் சொல்ல மறுத்த 'எழும்பிப் போ' என்பதை உம்மாவுக்கு நானே சொன்னதாகும். செருப்பைக் கழற்றி, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அவர் கனக்கவில்லை. கிப்லாத் திசையை நோக்கி முகத்தைத் திருப்பி வைத்தேன்.

ஓதிய புது மௌலவிக்குத் தான் கொடுக்க வேண்டிய தட்டையும் மரைக்கார் என் கையில்தான் தந்தார். மௌலவி வெளியூர்க்காரர். வாங்கும்போது, நீங்கள் மர்ஹூமுக்கு என்ன முறை என்று கேட்டார்.

"தங்கச்சி மகன். முத்துநாச்சி குடி."

முப்பது வருடத்தில் முதல் தடவையாக அதை நானாகச் சொன்னேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பெயர் மட்டும்தான். என் பிள்ளைகள் மூவரும் தாயின் குடி, அவர்களுக்கு அதைக் கொடுக்க வழியில்லை. ஒரு காலம் அதைக் கழற்றி எறியத்தான் அவர் வாசலில் நின்றேன். இனி அதைக் கழற்றக்கூடியவர் ஒருவரும் இல்லை. என் மௌத்தை அறிவிக்கும் நாளிலும் மறக்காமல் அதைச் சேர்த்துச் சொல்லும்படி வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.