அம்பத்திரண்டு வோல்ட்

மண்டூரில் இறால் விற்கும் பாலசுந்தரிக்குப் பேச்சுக் குறைவு, கணக்கு அதிகம். கோயில் திருவிழா நாட்களில் ஊரில் பலர் மச்சம் மாமிசம் தொடமாட்டார்கள். கடைசித் திருவிழாவான தீர்த்தம் முடிந்த மறுநாள் காலையிலேயே அத்தனை நாக்கும் இறாலைத் தேடும். அதற்காகவே முப்பது கிலோவை ஃபிரீசரில் அடைத்து, பத்து வீட்டுக்கு வாக்கும் கொடுத்திருந்தாள்.

தீர்த்தத்தன்று விடியவே கரண்ட் போய்விட்டது. நாளை மத்தியானம்தான் வருமாம். இனிச் சுவரில் தொங்கிய இன்வேர்ட்டர் பற்றரிதான் கதி.

அவள் கணவன் குஞ்சித்தம்பி உடனே பற்றரிக்குக் காவலாகிவிட்டான். ஃபோனுக்குச் சார்ஜ் போட வந்த பக்கத்து வீட்டு விதுசாவை, "எல்லாரும் வந்து சார்ஜரைக் குத்தினா பற்றரி செத்திரும் புள்ள" என்று விரட்டினான். விரட்டிய களைப்புக்குக் கரண்ட் கேத்திலில் தேத்தண்ணி வைத்தான். பிறகு வேட்டி, சட்டை, சால்வை எல்லாவற்றையும் ஸ்திரிக்கை போட்டான்.

"இஞ்சேருங்க, ஃபோன் சொட்டுச் சொட்டாத்தான் குடிக்கும். கேத்திலும் ஸ்திரிக்கைப் பெட்டியும் மடக்கு மடக்கெண்டு குடிக்கும்" என்றாள் பாலசுந்தரி.

அவன் பற்றரியின் மீற்றரைத் தட்டிக் காட்டினான். "விடியவும் அம்பத்திரண்டு வோல்ட், இப்பவும் அம்பத்திரண்டு. எங்க குறைஞ்சிருக்கு?"

"அது தண்ணித் தாங்கி நிக்கிற உயரம் மாதிரி. உள்ளுக்க எவ்வளவு தண்ணி கிடக்கெண்டு அது சொல்லாது. அம்பியர் எண்டது நீங்க குழாயை எவ்வளவு திறக்கிறீங்க எண்டது. இது மொத்தமே அஞ்சு யூனிற்றுத் தாங்கி. ரெண்டு முடிஞ்சிது. மிச்சத்தில ஃபிரீசர் நாளைக்கு விடிய இறால் குடுக்குமட்டும் ஓட வேணும்."

"அம்பத்திரண்டேதான்!" என்று துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, குழாய்க்கிணற்று மோட்டரைப் போட்டுக் குளிக்கப் போனான்.

பாலசுந்தரி சுவிட்சுப் பெட்டியைத் திறந்தாள். இறால் நாறினால் அவள் வாக்கும் நாறும். பிறகு ஃபிரீசருக்குப் போகும் சுவிட்சை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் இறக்கினாள்.

பின்வளவில் மோட்டர் நின்றது. தலை முதல் கால்வரை சவுக்காரம் பூசிய குஞ்சித்தம்பி கண்ணை மூடிக்கொண்டு கத்தினான். "என்னடி, பற்றரி செத்துப்போச்சா?"

"இல்லையே, அம்பத்திரண்டு வோல்ட் காட்டுது" என்றாள் அவள், அமைதியாக.

கண் எரிச்சலில் அவன் குதித்த குதியைப் பார்த்து, பக்கத்து வளவுக் கிணற்றிலிருந்து விதுசா ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தாள். வாளியை அவன் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு, ஃபோனை நீட்டினாள்.

"முதல்ல இதக் குத்தச் சொல்லுங்க மாமா."

"குத்தடி பாலசுந்தரி, குத்து!" என்று அலறினான் குஞ்சித்தம்பி.