என் வயிறு கொண்ட தண்ணீர்

எழுபதுகளின் நடுவில், எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஹல்துமுல்லைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பதுளையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். நோய்நொடி இல்லாத பிள்ளைகளின் வயிறு எவ்வளவு கொள்ளும் என்று அளந்து பார்க்க வேண்டுமாம். கொதித்து ஆறிய தண்ணீர், கோடு போட்ட கண்ணாடிக் குவளை, எழுத ஒரு கொப்பி. குடித்துக்கொண்டே வந்து, வயிறு நிறைந்ததும் "போதும்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று அவர் நினைத்தார். எங்களுக்கு அளவை என்றால் கொழுந்து நிறுப்பதுதான். நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் வேலை என்றுதான் எழுதுவார்கள். கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போதே அம்மா சொல்லிவிட்டாள்: "அரைப் பேரு வாங்கிட்டு வந்து நிக்காத. மானம் போயிரும்."

பிள்ளைக் காம்பராவில், மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அந்த அறையின் வாசலில், வரிசையாக உட்கார்ந்தோம். நாலாம் குவளையிலேயே பக்கத்து லயத்து வீட்டுச் சிறுமி "போதுங்க" என்றுவிட்டாள். அவளைவிட ஒரு கோடாவது கூடக் குடிக்காமல் நான் எழுந்திருப்பேனா? அன்று இருந்த வீம்பில் பாதிகூட இப்போது என்னிடம் இல்லை.

"நெறஞ்சிருச்சாம்மா?"

"இன்னும் இல்லைங்க."

பச்சைப் பொய். தொண்டைவரை தண்ணீர் நின்றது. அசைந்தால் வயிற்றுக்குள் களக் களக்கென்று சத்தம். அதைக் கேட்டு மற்றவர்கள் சிரிக்க, எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது. சிரித்தேனா, குடித்ததில் பாதி டாக்டரம்மாவின் செருப்பில்.

அவர் கோபிக்கவில்லை. "வாந்தி எடுத்துட்டியேம்மா, உன்னோடத சேர்க்க முடியாது" என்று கொப்பியில் என் எண்ணை அடித்தார். ஐயோ, அரைப் பேர்கூட இல்லை. ஓவென்று அழுதேன்.

அந்நேரம் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு மலையிறங்கிய அம்மா கூடையோடு வந்து நின்றாள். நடந்ததைக் கேட்டுவிட்டு டாக்டரம்மாவிடம் திரும்பினாள்.

"கொழுந்து ஈரமா இருந்தா தண்ணிக்குன்னு கழிப்பாங்க, சரிங்க. இது பூராவும் தண்ணிதானுங்களே, இதுல எதைக் கழிக்கிறீங்க? அவ குடிச்சது குடிச்சதுதான். போடுங்க."

டாக்டரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடித்த எண்ணுக்குப் பக்கத்தில் அதையே மறுபடி எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஈரப் பாவாடையோடு அங்கேயே குதித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. எழுத்துத் தெரியாதவள், "எங்கங்க போட்டீங்க?" என்று கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். தன் கொழுந்தில் மழைநாள்தோறும் கழித்தபோது, ஒருநாளும் வாய் திறந்து கேட்டவளல்ல அவள்.